தளவாய் ரோட்டைக் கடக்கிறார்

மேலச்சத்திரம் முக்கில் தளவாய் அண்ணாச்சி ரோட்டைக் கடக்க ஆரம்பித்து, போன ஐப்பசியோடு இருபத்தொன்பது வருஷம் முடிந்தபோது, அவர் எதிர்க்கரைக்கு வந்து சேர இன்னும் மூன்று சாண்தான் பாக்கி இருந்தது. வருஷத்துக்கு ஒரு சாண். மழை பெய்தாலும் ஒரு சாண், வெயிலடித்தாலும் ஒரு சாண், ஆட்சி மாறினாலும் ஒரு சாண். வண்டிகளைப் பார்த்து இடது கையைத் தூக்கியபடி, வலது கையை முன்னால் நீட்டி விரல்களைப் பாதி மடக்கியபடி, ஒரு கால் ஊன்றி ஒரு கால் எழும்பி, வெள்ளைச் சட்டையின் அக்குளில் வியர்வை ஈரம் காயாமல், முப்பது வயது முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், அவர் நடந்துகொண்டே இருந்தார். நிற்கிறார் என்று வெளியூர்க்காரர்கள்தான் சொல்வார்கள். நாங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

என் ஜெராக்ஸ் கடை அவர் வந்து சேர வேண்டிய கரையில் இருக்கிறது. மிஷின் சூடாகிற நேரத்தில் வேறு வேலை இல்லாததால் நடக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, மனுஷனுடைய யோக்கியதை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது, ரோட்டைக் கடக்கும்போது தெரிந்துவிடும். வருகிற பஸ்ஸைத் தானே பெற்று வளர்த்ததுபோல உள்ளங்கையைக் காட்டி அதட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, பாதிவரை ஓடிவிட்டு வந்த வழியே திரும்பி ஓடுகிறவர்கள் உண்டு, தெரியாதவர் காலில் கால் பட்டதற்கு நடு ரோட்டில் நின்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஹாரன் வாங்குகிறவர்களும் உண்டு. தனியாக வந்தவன் அநேகமாக இறங்க மாட்டான், இன்னொருவன் வரட்டும் என்று நிற்பான், முன்பின் தெரியாத நாலு பேர் கரையில் சேர்ந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரி ஒன்றாக இறங்கி, தோளோடு தோள் உரசி நடந்து, அந்தக் கரை ஏறியதும் யாரோ எவரோ என்று பிரிந்து போவார்கள். இதை ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட அலுத்ததில்லை.

அண்ணாச்சி கடக்க ஆரம்பித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இல்லாமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, கடையும் கிடையாது வேலையும் கிடையாது, இந்தக் கரையிலிருந்த டீக்கடை பெஞ்சில் என்னைப் போல மூன்று வெட்டிப்பயல்களோடு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பதே உத்தியோகம். காலை பத்தே முக்கால் இருக்கும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்து தளவாய் அண்ணாச்சியும், அவரைக் கட்டிக்கொண்டு வந்து எட்டு மாதமே ஆன உலகம்மாள் மதினியும் ரோட்டில் இறங்கினார்கள். மதினிக்கு இருபத்து நாலு வயது, பச்சைச் சேலை, நாலு வீடும் ஒரு குளமும் இருக்கிற ஊரில் பிறந்தவள், இவ்வளவு அகலமான ரோட்டை அதற்கு முன் கடந்ததில்லை. பாதி ரோட்டில் லாரி ஒன்று வரவும் பயந்து நின்றுவிட்டாள், அண்ணாச்சி சட்டென்று அவள் கையைப் பிடித்தார். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடக்கிற வழக்கம் அப்போது கிடையாது, பிள்ளைகள் கையைப் பிடிக்கலாம், கண் தெரியாதவர் கையைப் பிடிக்கலாம், பெண்டாட்டியானவள் மூன்றடி பின்னால் வர வேண்டும். அதைப் பார்த்ததும் நான் செருமினேன். விசிலடிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, தொண்டையை மட்டும் லேசாகச் செருமினேன், மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். மதினி எங்களைப் பார்த்தாள், அண்ணாச்சி கையை உதறினாள், ஒரே ஓட்டமாக ஓடிவந்து கரையேறிவிட்டாள். அவள் திரும்பிப் பார்த்தபோது அண்ணாச்சி நடு ரோட்டில் நடந்துகொண்டிருந்தார். பொழுது சாய்கிறவரைக்கும் அதே இடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

முதல் வாரம் ஊர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. பத்து ஆள் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள், கயிறு கட்டி டிராக்டரில் இழுத்துப் பார்த்தார்கள், கயிறு அறுந்தது, டிராக்டர்காரர் கயிற்றுக்கு வருத்தப்பட்டார். டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்து, ஒரு துடிப்பு கேட்டது, அடுத்த துடிப்புக்குக் காத்திருக்கிறேன் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், மறுநாள் மத்தியானம் அடுத்ததும் கேட்டது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தாய்மாமன் தொட்டார், தகப்பனார் தொட்டார், கோயில் பூசாரி தொட்டார், ஊரில் கையிருந்தவர்கள் எல்லாரும் தொட்டார்கள். கடைசியில் அண்ணாச்சியின் அம்மா, ‘அவ உதறுன கைதான அது, அவ வந்து பிடிச்சா எம் பிள்ள வந்துருவான்’ என்றாள். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. மதினியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ரோட்டின் இரண்டு கரையிலும் அறுநூறு பேர் நின்றார்கள். மாடியிலெல்லாம் ஆள். நாலு பேர் பார்த்ததற்கே உதறிய பெண், அறுநூறு பேர் முன்னால் எப்படிப் பிடிப்பாள் என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. மதினி கரையில் நின்று நடுங்கினாள், நாளைக்கு என்றாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். வெட்கம் போய்ப் பயம் வந்துவிட்டது. ஊரில் உள்ள கையெல்லாம் தொட்டு ஆகிவிட்டது, அவளுடைய கை ஒன்றுதான் பாக்கி, அதுவும் தொட்டு அவர் அசையவில்லை என்றால் அதற்கப்புறம் நம்புவதற்கு என்ன இருக்கிறது? தொடாத வரைக்கும் தொட்டால் வந்துவிடுவார். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் இருபத்தொன்பது வருஷம் உயிரோடு இருந்தாள். மாமியார்க்காரி கையை உதறினவள் என்று திட்டித் திட்டியே செத்துப்போனாள், ஊரும் கொஞ்ச நாள் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது, செருமினவன் என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

எதுவானாலும் ஒரு மாதத்தில் பழகிவிடும் என்பார்கள், எங்களுக்கு இருபது நாள்கூட ஆகவில்லை. அவர் கையைத் தூக்கியிருப்பதால் அந்த இடத்தில் வண்டிகள் தானாக வேகத்தைக் குறைத்தன, குறைக்கவும் ஜனங்கள் அவருக்குப் பக்கத்தில் போய்க் கடக்க ஆரம்பித்தார்கள், பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் அவருடைய முதுகுக்குப் பின்னால் எறும்பு மாதிரி வரிசையாகப் போனார்கள், கல்லூரிப் பெண்களும் கருவாட்டுக் கூடைக்காரிகளும் வாக்கிங் ஸ்டிக் வாத்தியார்களும் அவரிடம் வந்து சேர்ந்து அவரோடு நாலு அடி நடந்து அவரை விட்டுவிட்டுப் போனார்கள். பஸ் கண்டக்டர்கள் அந்த ஸ்டாப்பைக் கையண்ணாச்சி என்றார்கள். வாக்காளர் பட்டியலில் அவர் பேர் நீங்கவில்லை, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் அவருடைய சட்டைப்பையில் நோட்டீஸ் வைத்துவிட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி என்று கும்பிட்டுப் போனார்கள். பிணம் போனாலும் அவருக்கு இடம் விட்டு ஒதுங்கித்தான் போகும். இருபத்தொன்பது வருஷத்தில் அந்த முக்கில் ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டது கிடையாது.

இன்னொரு வழக்கமும் வந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, புதிதாகக் கல்யாணமானவர்கள் மூன்றாம் நாள் காலையில் இங்கே வந்து, தளவாய் அண்ணாச்சிக்கு முன்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்க வேண்டும் என்று ஆகிப்போனது. சொந்தக்காரர்கள் கரையில் நின்று, விட்டுராத, விட்டுராத என்று கத்துவார்கள். ஊரிலேயே பெண்டாட்டி கையைப் புருஷன் வெளிப்படையாகப் பிடிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். வைகாசியில் ஒரே நாளில் பதினேழு ஜோடி கடந்ததை எண்ணியிருக்கிறேன். அந்தப் பதினேழு ஜோடியும் ஏறுகிற கரையில், அவர்கள் காலடியில், கொய்யாப்பழக் கூடையை வைத்துக்கொண்டு உலகம்மாள் மதினி உட்கார்ந்திருப்பாள்.

அவள் பிறந்த ஊருக்குப் போகவில்லை. அண்ணன்மார் வந்து கூப்பிட்டும் போகவில்லை. அண்ணாச்சியின் கால் நேராக எந்த இடத்தில் வந்து ஏறுமோ அந்த இடத்தில் கூடையை வைத்தாள். காலை ஏழு மணிக்கு வந்தால் விளக்கு வைக்கிற நேரத்தில் போவாள். அண்ணாச்சி முகம் அவளைப் பார்த்துத்தான் இருக்கும், அவள் அதிகமாக அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். வருஷா வருஷம் ஐப்பசியில் ஒருநாள் வண்டி குறைந்த நேரமாகப் பார்த்து ரோட்டில் இறங்கி, குனிந்து, கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துத் தாரில் வைத்து வைத்து அளப்பாள். இருபத்திரண்டு, இருபத்தொன்று, இருபது. அளந்துவிட்டு வந்து என்னிடம் மட்டும் சொல்வாள், நான் செருமினது அவளுக்குத் தெரியும், ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டினதில்லை, அதற்குப் பதில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம். வெயில் அவளைத் தின்றது. முப்பத்தைந்து வயதில் தலை நரைத்தது, நாற்பத்தைந்தில் கூன் விழுந்தது, ஐம்பதில் கண்ணில் புரை விழுந்து தடித்த கண்ணாடி போட்டாள், ஐம்பத்து மூன்று வயதில் பார்த்தவர்கள் எழுபது என்றார்கள்.

‘மூணு சாண் தம்பி’ என்று போன ஐப்பசியில் என்னிடம் சொன்னபோது அவளுக்கு முகம் ஒரு மாதிரி இருந்தது. ‘மூணு வருசம். எனக்கு அம்பத்தாறுல்லா ஆயிருக்கும். அம்பத்தாறுல்லாம் ஒரு வயசா?’

‘அதெல்லாம் ஒரு வயசே கிடையாது மதினி’ என்றேன்.

கார்த்திகையில் நெடுஞ்சாலைக்காரர்கள் வந்தார்கள். ஜெஸிந்தா என்று சின்ன வயசு இன்ஜினியர் பெண், தலையில் தொப்பியும் கையில் டேப்புமாக ரோட்டை அளந்துவிட்டு, வரைபடத்தைப் பத்துப் பிரதி எடுக்க என் கடைக்கு வந்தது. நாலுவழிச் சாலை. இந்தக் கரையில் நாற்பது அடி எடுக்கிறார்கள், என் கடையில் பாதி போகிறது. பாதி கடை போகிற செய்தியை எனக்கே நான் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதினி கூடையை விட்டு எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

‘ஏம்மா, அவியள என்ன செய்யப் போறிய?’

‘தளவாய் சாரையாம்மா? அவர ஒண்ணும் பண்ண மாட்டோம், பயப்படாதீங்க. அவரச் சுத்திச் சின்னதா ஒரு மேடை கட்டி, ரெண்டு பக்கமும் விளக்கு போட்டு, நடுவுல பத்திரமா விட்ருவோம். பிளான்லயே இருக்கு, பாருங்க’ என்று அந்தப் பெண் படத்தில் ஒரு சிவப்பு வட்டத்தைக் காட்டியது.

‘வட்டம் கெடக்கட்டும். கரை எங்கன வருது?’

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. பிளாட்பாரம் எங்கே வரும் என்று கேட்கிறாள் என்று நான் சொன்னேன். அந்தப் பெண் கடைக்குள் நுழைந்து, மிஷினைத் தாண்டி, பின்சுவருக்குப் பக்கத்தில் போய்க் காலால் தரையில் ஒரு கோடு கிழித்துக் காட்டியது. மதினி அந்தக் கோட்டையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நாற்பது அடிக்கு எத்தனை சாண் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

‘அம்பத்து மூணு வருசம்மா’ என்றாள். ‘இந்த மூணோட சேத்து அம்பத்தாறு.’

ஜெஸிந்தா நல்ல பெண். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது. ‘என் கையில எதுவும் இல்லம்மா’ என்றது, அது உண்மைதான்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். அண்ணாச்சிக்கு மேடை பளிங்கில் வேண்டுமா கிரானைட்டில் வேண்டுமா என்று இரண்டு மணி நேரம் பேச்சு நடந்தது. மேலே ஒரு கூரை வேண்டும் என்றார் ஒருவர், கூரை போட்டால் தூக்கின கை இடிக்கும் என்றார் இன்னொருவர், தூக்கின கையில் சிக்னல் விளக்கு ஒன்று மாட்டிவிட்டால் என்ன என்று வியாபாரிகள் சங்கத்திலிருந்து கேட்டார்கள், கல்யாண ஜோடிகள் கடக்கத் தனி வழி விட வேண்டும் என்று மண்டபத்துக்காரர் எழுதிக் கொடுத்தார். அவர் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிற மனுஷன், போய்ச் சேர வேண்டிய இடத்தை நகர்த்துகிறார்களே என்று எழுந்து சொல்ல நினைத்தேன். என் கடையில் பாதி போகிற ஆத்திரத்தில் பேசுகிறேன் என்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். செரும வேண்டாத இடத்தில் செருமத் தெரிந்தது, பேச வேண்டிய இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது, நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

தையில் ஜேசிபி வந்தது. மூன்று நாளில் சாக்கடை, பிளாட்பாரம், டீக்கடை, என் கடையின் முன்பாதி எல்லாம் போய்ச் செம்மண்ணும் ஜல்லியுமாக நாற்பது அடி விரிந்தது. மதினி கூடை வைத்திருந்த இடம் எது என்று அவளுக்கே தெரியவில்லை, குச்சியால் மண்ணைக் கிளறித் தேடினாள். தார் போடுவதற்கு முன்பே வண்டிகள் அந்தப் பக்கமும் ஓட ஆரம்பித்துவிட்டன, அண்ணாச்சியின் முதுகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தவை இப்போது அவர் முகத்துக்கு முன்னாலும் போயின, இரண்டு பக்கமும் புழுதி, நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு அவர். அவர் கையைத் தூக்கியிருப்பது புது வழியில் வருகிற எவனுக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் குறைக்கவில்லை.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு மதினி இடிந்த கடைக்கு வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள், பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள்.

‘தம்பி, கூட வாரியளா? அவியகிட்டப் போகணும்.’

‘இப்பவா மதினி? ரோடு முழுக்க ஆளு நிக்கே’ என்றேன். எவ்வளவு புத்தியில்லாத பேச்சு.

‘நிக்கட்டும். இருவத்தொம்பது வருசமா நிக்காவளே, என்னத்தக் கண்டாவ.’

இரண்டு பேரும் இறங்கினோம். ஜல்லியில் அவளுக்குக் கால் இடறியது, நான் பின்னால் நடந்தேன், வேன் ஒன்று உரசிக்கொண்டு போனது. அவள் எங்கே போகிறாள் என்று ஜனங்களுக்கு மெதுவாகத்தான் புரிந்தது, புரிந்ததும் சொல்லி வைத்ததுபோல நடந்தவர்கள் நின்றார்கள், கரையில் நின்றவர்கள் கூட்டமாக இறங்கினார்கள், பஸ் டிரைவர் என்ஜினை அணைத்தார், ஜேசிபிக்காரன் தூக்கின மண்ணோடு அப்படியே நிறுத்தினான். அறுநூறு என்ன, ஆயிரம் பேர் இருப்பார்கள். மதினி அண்ணாச்சியின் வலது பக்கம் போய் நின்றாள். கையைச் சேலையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். நீட்டியிருந்த அந்தப் பாதி மடங்கிய விரல்களுக்குள் தன் கையை வைத்தாள்.

அண்ணாச்சியின் எழும்பின கால் தரையில் ஊன்றியது.

அவ்வளவு சாதாரணமாக அது நடந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, ரோட்டைக் கடக்கிறவன் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க மாட்டான், வண்டியைத்தான் பார்ப்பான். இடது கையைத் தூக்கியபடி, வலது கையால் அவளை இறுக்கிப் பிடித்தபடி விறுவிறுவென்று நடந்தார், நடந்துகொண்டே பேசினார், இரண்டு கை தூரத்தில் வந்த என் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. ‘ஏன் உலகு கைய உதறுன? எவன் பாத்தா நமக்கென்ன? நாலு பயலுவ செருமினா செருமிட்டுப் போறானுவ. நீ விழுந்து கிழுந்து வச்சா அவனுவளா வந்து தூக்குவானுவ? விடாத, நல்லாப் பிடிச்சுக்க.’

மதினி அழுதுகொண்டே நடந்தாள். எட்டு அடி வைத்திருப்பார்கள். அந்த எட்டு அடிதான் அவளுக்குக் கிடைத்தது. ஜல்லிக் குவியலில் அவளுக்கு மூச்சு வாங்கவும் அவர் திரும்பிப் பார்த்தார்.

‘அய்யய்யோ’ என்று பதறிப்போனார். ‘மன்னிச்சிக்கிடுங்கம்மா, எங்க வீட்டுக்காரின்னு நெனச்சுல்லா பிடிச்சு இழுத்துட்டு வாரேன்.’ கையை விடப் போனவர், விரிந்து கிடக்கிற ரோட்டையும் அவள் கூனையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு விடவில்லை. ‘பரவால்ல, வாங்க, அந்தக் கரையில கொண்டு விடுதேன். ஏம்மா அழுதிய? வண்டிக்குப் பயந்துட்டியளா? இந்த வயசுல தனியா வரலாமா, பிள்ளைய யாரும் இல்லியா?’

‘இல்லய்யா’ என்றாள் மதினி.

அப்போதுதான் நான் வாயைத் திறக்க வேண்டியது. ஆயிரம் பேரில் எவனாவது திறந்திருக்கலாம், அண்ணாச்சி, அதுதான் உங்கள் உலகு என்று ஒரு வார்த்தை. எல்லாருக்கும் தொண்டையில் அந்த வார்த்தை நின்றது, எல்லாரும் மதினி சொல்லட்டும் என்று இருந்தார்கள், மதினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள், அந்த முகத்தில் முப்பது வயதுக்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. புதுக்கரையில், என் பாதிக்கடையின் வாசலில், அவளைப் பத்திரமாக ஏற்றிவிட்டு அவர் கையை எடுத்துக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஊர் மாறியிருந்தது அவர் கண்ணில் படவேயில்லை, ஒரு முகத்தைத் தேடுகிறவனுக்கு ஊர் தெரியாது.

‘இங்கன ஒரு பொம்பளப் பிள்ள, பச்சைச் சேல, இப்பதான் ஓடியாந்தா. பாத்தியளாம்மா?’

‘பாத்தேன்.’

‘கோவமா ஓடுனாளா?’

‘கோவம் இல்லய்யா’ என்றாள் மதினி. ‘வெக்கம். நாலு பேரு பாக்காவளேன்னு வெக்கப்பட்டு ஓடிட்டா. கைய உதறணும்னு உதறல. உம்மேல அவளுக்கு உசுரு.’

‘அது எனக்குத் தெரியாதாக்கும்’ என்று அண்ணாச்சி சிரித்தார். ‘சின்னப் பிள்ள. எந்தப் பக்கம் போனா?’

மதினி கையைத் தூக்கிக் கடைவீதிப் பக்கம் காட்டினாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார், கூட்டம் எப்போதும்போல அவருக்கு விலகி வழிவிட்டது. வண்டிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. மதினி என் கடையின் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

‘ஏன் மதினி சொல்லல?’ என்று கேட்டேன்.

‘என்னன்னு சொல்லச் சொல்லுதிய? அவிய தேடுதது அவள. நாந்தான் அவன்னு சொன்னா, அவ செத்துப்போனான்னு சொன்ன மாதிரில்லா ஆயிரும்’ என்றாள். பிறகு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். யாரும் சொல்லிவிடக்கூடாது.

யாரும் சொல்லவில்லை. ரோட்டில் மேடை கட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போனதில் நெடுஞ்சாலைக்காரர்களுக்கு வேலை மிச்சம். அந்த முக்கில் இப்போது எந்த வண்டியும் நிற்பதில்லை, மாசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் பங்குனியில் ஒரு கூடைக்காரியும் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தார்கள், கல்யாண ஜோடிகள் வருவது நின்றுவிட்டது. அண்ணாச்சி ஊருக்குள் நடந்துகொண்டிருக்கிறார், மனுஷர் நடக்கிற வேகத்தில், எதிரே வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திப் பச்சைச் சேலைக்காரியைக் கேட்கிறார். கேட்கப்பட்டவர்கள் ஏதாவது ஒரு தெருவைக் கைகாட்டி, இப்பதான் போச்சு, வேகமாப் போனாப் பிடிச்சிரலாம் என்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அதைச் சொல்லப் பழக்கிவிட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்தார். நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டு வந்தவர் என் நரைத்த தலையைப் பார்த்து, ‘அண்ணாச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி’ என்றார். குடித்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார், நான் வழக்கமான பதிலைச் சொன்னேன், நடந்து போனார். மிஷினுக்குப் பின்னால், துணித் திரைக்கு அந்தப் பக்கம், மூச்சை அடக்கிக்கொண்டிருந்த உலகம்மாள் மதினி வெளியே வந்தாள்.

‘மெலிஞ்சு போனாவளா தம்பி? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.’

‘கொஞ்சம் மெலிஞ்சுதான் இருக்காவ.’

‘எங்கன சாப்பிடுதாவளோ என்னவோ’ என்றாள். மறுநாள் ஒரு தூக்குச்சட்டியில் புளிச்சோறும் பொரிச்ச வத்தலும் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். ‘வந்தாவன்னா குடுங்க.’

‘யாரு குடுத்தான்னு கேட்டா என்ன சொல்ல?’

மதினி சட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி அழுத்தி மூடினாள்.

‘அவ குடுத்தான்னு சொல்லுங்க. இப்பதான் குடுத்துட்டுப் போறா, ஓடுனாப் பிடிச்சிரலாம்னு சொல்லுங்க.’